பழகிய பலகையும் பல பாஷைகளும்

பாஷைப் பிரச்னை என்றவுடன் நம் ஜனங்களுக்குச் சட்டசபையும் பள்ளிக்கூடமும் நீதிஸ்தலமும் நினைவுக்கு வருகின்றன. விரல் நுனியிலும் ஒரு பாஷைப் பிரச்னை இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இக்காலத்தில் எழுதுகோலைப் பிடிப்பவர் குறைந்து, விசையைத் தட்டுபவர் பெருகிவிட்டனர். மனுவாயினும், கடிதமாயினும், பத்திரிகைக் கட்டுரையாயினும், அது முதலில் கணினியிலோ செல்பேசியிலோ தட்டப்பட்டே உருப்பெறுகிறது. எந்த எழுத்து எந்த விசையில் இருக்க வேண்டும் என்ற கேள்வி, யந்திரம் செய்பவர் மட்டும் தீர்மானிக்கும் அற்ப விஷயமாக இருந்த காலம் போய்விட்டது. ஒரு பாஷையை அதன் சொந்த மக்கள் எவ்வழியாக எழுதப் போகிறார்கள் என்பதையே அது நிர்ணயிக்கிறது. ஆகவே அதைப் பொது விஷயமாகக் கொண்டு யோசிப்பது நமது கடமையாகும்.

சென்னைக்குத் தெற்கே, திருவான்மியூரையும் கொட்டிவாக்கத்தையும் கடந்தால் வருவது பாலவாக்கம். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய். தனிப் பஞ்சாயத்தாக இருந்த அவ்வூர் 2011-ஆம் வருஷத்தில் சென்னை மாநகராட்சியுடன் சேர்க்கப்பட்டது. மீனவர் குப்பமும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் புதிய மாடி வீடுகளும் அங்கே அருகருகே நிற்கின்றன. கால்வாய்க்கு அப்பால், பழைய மாமல்லபுரம் சாலையில் கணினிக் கம்பெனிகள் எழுந்த பிறகு, பல மாகாணத்தாரும் இப்பக்கங்களில் குடியேறியிருக்கின்றனர். இத்தகைய ஊரில், நகல் எடுத்துக் கொடுத்தும் மனு எழுதிக் கொடுத்தும் ஜீவனம் செய்யும் ஒரு கடைக்காரர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலையில் அவர் மாநகராட்சிக்குத் தமிழில் ஒரு விண்ணப்பம் எழுத வேண்டும். பிறகு பாங்கிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம். நடுப்பகலில் ஒரு தெலுங்குக் குடும்பத்தாருக்குக் கல்யாணப் பத்திரிகை. மாலையில் கட்டட வேலைக்கு வந்த வடநாட்டுத் தொழிலாளி ஒருவருக்காக ஹிந்தியில் நாலு வரி. அவர் முன் இருக்கும் விசைப்பலகையோ ஒன்று. அதன் விசைகளின்மேல் அச்சிட்டிருப்பவை ஆங்கில எழுத்துக்கள். அவருடைய விரல்கள் என்ன செய்யும்?

இக்கேள்விக்கு விடை காணுமுன், அந்தப் பலகை எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது நலம். 1874-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் ரெமிங்டன் கம்பெனியார் ஷோல்ஸ் என்பவரின் தட்டெழுத்து யந்திரத்தை விற்பனைக்கு வெளியிட்டனர். க்யூ, டபிள்யூ, ஈ, ஆர், டி, ஒய் என்று இன்று மேல் வரிசையில் நாம் காணும் ஒழுங்கு அதன் வழியாகப் பரவியதே. இருபத்தாறு எழுத்துக்கள் உள்ள பாஷைக்கு, இரும்புக் கரங்கள் காகிதத்தில் மோதும் யந்திரத்திற்காக ஏற்பட்ட ஒழுங்கு அது. யந்திரம் மறைந்தது, ஒழுங்கு மறையவில்லை. உலகமெங்கும் கோடிக்கணக்கான விரல்களில் அது குடியேறிவிட்டது.

தமிழுக்கு 247 எழுத்துக்கள். அவற்றை அந்தச் சிறு யந்திரத்தில் அடக்குவது எப்படி என்று சிந்தித்தவர்களில் முதன்மையானவர், 1886-இல் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குழியில் பிறந்து, சிங்கப்பூரில் உத்தியோகம் பார்த்த ஆர். முத்தையா. அவர் கண்ட உபாயம் எளியது; ஆனால் கூர்மையானது. புள்ளி முதலிய சில குறிகளுக்கு 'நகரா விசை' வைத்தார். அதைத் தட்டினால் குறி காகிதத்தில் பதியும். வண்டி மட்டும் நகராது. அடுத்துத் தட்டும் எழுத்து அக்குறியுடன் சேர்ந்து விழும். அவருடைய யந்திரத்தை ஜெர்மனியில் செய்வித்தனர். பிற்காலத்தில் தமிழ்நாட்டின் தட்டெழுத்துப் பள்ளிகளில் எத்தனையோ வாலிபர்களும் பெண்களும் ஆங்கிலப் பலகையையும் தமிழ்ப் பலகையையும் ஒருங்கே பயின்று, இரண்டிலும் பரீட்சை தேறி, சர்க்கார் உத்தியோகத்திற்குச் சென்றனர். இருவேறு விசை ஒழுங்குகளை ஒரே மனிதரின் விரல்கள் கற்றுக்கொள்ள முடியாது என்பார் இந்த அனுபவத்தைக் கவனிக்க வேண்டும்.

விசை அடிமையன்று

கணினி வந்தபின் நிலைமை அடியோடு மாறியது. பழைய யந்திரத்தில் விசைக்கும் எழுத்துக்கும் இரும்பினாலாகிய பந்தம் இருந்தது. கணினியில் அந்தப் பந்தம் இல்லை. விசையைத் தட்டினால் ஓர் எண் மட்டுமே உள்ளே செல்லுகிறது. அந்த எண்ணை ஆங்கிலமாகக் கொள்வதா, தமிழாகக் கொள்வதா, தெலுங்காகக் கொள்வதா என்பதை உள்ளிருக்கும் மென்பொருள் தீர்மானிக்கிறது. விசையின்மேல் அச்சிட்டிருப்பது வெறும் வர்ணப் பூச்சு. ஆகவே, பாலவாக்கத்துக் கடைக்காரர் ஒரே பலகையில் நான்கு பாஷைகளையும் எழுதுவதற்கு யந்திரத்தில் தடை ஒன்றுமில்லை. எந்த வழியை அவர் பழகுகிறார் என்பதே கேள்வி. அவருக்கு முன் மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, ஆங்கில எழுத்தின் ஒலியைக் கொண்டு பிற பாஷைகளை எழுதுவது. 'ஏ, எம், எம், ஏ, ஏ' என்று தட்டினால் திரையில் 'அம்மா' தோன்றும். ஆங்கிலப் பலகை தெரிந்தவர் புதிதாக ஒன்றும் கற்க வேண்டியதில்லை. அதே பழக்கத்தைக் கொண்டு தெலுங்கும் ஹிந்தியும் மலையாளமும் எழுதலாம். இவ்வழியை வளர்த்தவர்கள் தமிழன்பிற் குறைந்தவர்கள் அல்லர். ஸ்விட்ஜர்லாந்தில் விஞ்ஞானியாக இருந்த கு. கல்யாணசுந்தரம் 1990-களில் 'மயிலை' என்று மயிலாப்பூரின் பெயரையே சூட்டி ஓர் எழுத்துருவை இலவசமாக வழங்கினார். ஒலியை ஒட்டித் தட்டும் முறையே அதன் முறை. பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றும் மதுரைத் திட்டத்தை 1998-இல் தொடங்கியவரும் அவரே. மலேசியாவின் முத்து நெடுமாறன் தமது முரசு அஞ்சலில் இதைப் போன்ற முறையைப் பரப்பினார். கடல் கடந்த தமிழர்கள், தமிழ் விசைப்பலகை கைக்கு எட்டாத தேசங்களில் இருந்துகொண்டு, இந்த வழியாகவே தாய்மொழியுடன் உறவு காத்தனர். அந்தத் தொண்டை நாம் மறக்கலாகாது.

இரண்டாவது வழி, இந்திய பாஷைகள் அனைத்துக்கும் ஒரே விசை ஒழுங்கு. 1986-ஆம் வருஷத்தில் மத்திய சர்க்காரின் மின்னணு இலாகா வகுத்து, 1991-இல் இந்தியத் தர நிர்ணயத்திலும் இடம் பெற்ற 'இன்ஸ்கிரிப்ட்' என்பது அது. இதில் இடக்கைப் பக்கம் உயிர்கள். வலக்கைப் பக்கம் மெய்கள். ஹிந்தியில் ககரம் எந்த விசையில் இருக்கிறதோ, அதே விசையில்தான் வங்காளியிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் தமிழிலும் ககரம் இருக்கும். நம் லிபிகள் உருவத்தில் வேறுபட்டாலும், அகர முதலாக உயிரும், ககர முதலாக மெய்யும் நிற்கும் வைப்பு முறையில் ஒன்றுபட்டவை. அந்த ஒற்றுமையின்மேல் கட்டிய மாளிகை இது. ஒரு பாஷையில் பழகிய விரல் மற்ற பாஷைகளிலும் செல்லும். ஆங்கில எழுத்தைத் தரகு வைக்காமல் ஓர் இந்திய பாஷையிலிருந்து இன்னோர் இந்திய பாஷைக்குப் போகலாம். தேசாபிமானிகள் எவரும் இந்த நோக்கத்தைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

மூன்றாவது வழி, தமிழின் தன்மைக்கேற்பத் தமிழுக்கென்றே வகுத்த ஒழுங்கு. 1999-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் சென்னையில் கூடிய தமிழிணைய மகாநாட்டின் பயனாகத் தோன்றி, அவ்வருஷம் ஜூன் மாதத்தில் தமிழ்நாடு சர்க்காரின் அங்கீகாரம் பெற்ற 'தமிழ் 99' அதுவே. இதிலும் உயிர்கள் இடப்பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம். பன்னிரண்டு உயிரும், பதினெட்டு மெய்யும், ஆய்தமும் ஆக முப்பத்தொரு விசைகள் போதும். கிரந்த எழுத்துக்களுக்கு மட்டும் மாற்று விசையை நாட வேண்டும். ககரத்தையும் இகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டினால் 'கி' ஆகும். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். 'பள்ளி' என்று எழுத ப, ள, ள, இ என நான்கு தட்டுக்கள். ஙகரத்தை அடுத்துக் ககரமும், ஞகரத்தை அடுத்துச் சகரமும் வந்தாலும் புள்ளி தானே சேரும். மெல்லினமும் அதன் வல்லினமும் இணைந்து வரும் தமிழின் இயல்பை யந்திரம் அறிந்து நடக்கிறது. நமது இலக்கண ஞானம் விசைப்பலகையில் ஏறியிருப்பதை இங்கே காண்கிறோம்.

சீர்தூக்கிப் பார்ப்போம்

மூன்று வழிகளையும் பட்சபாதமின்றி நிறுத்துப் பார்க்க வேண்டும். ஆங்கில ஒலி வழியின் சௌகரியம் வெளிப்படை. அதன் குறையும் வெளிப்படையே. 'பி, ஏ, எல், எல், ஐ' என்று தட்டினால் அது சுவரில் ஊரும் பல்லியா, பிள்ளைகள் படிக்கும் பள்ளியா? 'மனம்' வேண்டியவருக்கு 'மணம்' வருகிறது; 'அறை' கேட்டவருக்கு 'அரை' கிடைக்கிறது. இதைத் தவிர்க்கச் சில முறைகளில் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் மாற்றி மாற்றித் தட்ட வேண்டும். வேறு சிலவற்றில் யந்திரம் நாலைந்து சொற்களை நீட்டி, 'இவற்றில் எது?' என்று நம்மைக் கேட்கிறது. தமிழை நன்கறிந்தவர் சரியானதைப் பொறுக்கிக்கொள்வார். தமிழைக் கற்கும் சிறுவனோ, யந்திரம் முதலில் காட்டியதையே சரியென்று நம்பிவிடக் கூடும். லகர, ளகர, ழகர பேதமும் ரகர, றகர பேதமும் அவன் விரலிலும் மனத்திலும் பதிவதற்கு இங்கே இடமில்லை. தமிழ் எழுத நினைக்கும் ஒவ்வொரு கணமும் அவன் அன்னிய எழுத்தின் வாயிலில் நின்று அனுமதி பெற்றே உள்ளே வருகிறான்.

இதைவிடப் பெரிய ஆக்ஷேபம் ஒன்றுண்டு. ஆங்கில எழுத்து அறியாதவருக்கு இந்த வழி அடைபட்டே இருக்கிறது. குப்பத்தில் வாழும் ஒரு மூதாட்டி, தமிழ் வாசிக்கத் தெரிந்தும், சொந்த ஊரில், சொந்த பாஷையில், தம் குறையை அதிகாரிக்கு எழுதி அனுப்ப இயலாமற் போனால், அது யாருடைய குற்றம்? தமிழ் எழுதுவதற்கு ஆங்கிலம் முன் தகுதி என்ற விதியை எந்தச் சட்டசபையும் இயற்றவில்லை. வழக்கம் மட்டும் அதை ஓசையின்றி இயற்றிவருகிறது. சட்டமாக வந்திருந்தால் நாம் கூட்டம் போட்டுக் கண்டித்திருப்போம். சௌகரியமாக வந்ததனால் வரவேற்று உட்கார வைத்திருக்கிறோம்.

இன்ஸ்கிரிப்ட் முறையிலோ இந்தத் தோஷமில்லை. ஆனால் வேறொரு சங்கடம் இருக்கிறது. அந்த ஒழுங்கு நாகரியின் எழுத்து வரிசையை அடிப்படையாகக் கொண்டது. வர்க்க எழுத்துக்கள் தமிழில் இல்லையாதலால், அவற்றுக்குரிய நல்ல விசைகள் தமிழனுக்குப் பயனின்றிக் கிடக்கின்றன. தமிழில் அடிக்கடி வரும் னகரம், றகரம், ணகரம், ளகரம் ஆகியவையும், நமது சிறப்பெழுத்தாகிய ழகரமும் மாற்று விசையையும் சேர்த்து அழுத்தினாலன்றி வாரா. 'அவன்', 'நான்', 'என்' என்று எழுதும்போதெல்லாம் கூடுதலாக ஒரு விரல் உழைக்க வேண்டும். ஒரு நாளில் ஆயிரம் சொல் எழுதுபவருக்கு இது அற்பமன்று. பொது வீட்டில் எல்லோருக்கும் இடம் உண்டு என்றால் மட்டும் போதாது. ஒருவருடைய பண்டங்களெல்லாம் பரண்மேல் ஏற்றப்பட்டிருந்தால், அவர் அந்த வீட்டில் சுகமாக வாழ மாட்டார்.

தமிழ் 99-க்கும் ஒரு வரம்புண்டு. அது தமிழுக்கு மட்டுமே உதவும். கடைக்காரரின் தெலுங்குக் கல்யாணப் பத்திரிகைக்கு அது துணை செய்யாது. புதிதாகக் கற்கவும் சில நாள் பிடிக்கும். விசைகளின்மேல் தமிழ் எழுத்து அச்சிட்ட பலகைகள் கடைகளில் எளிதிற் கிடைக்காததனால், கற்பவர் எழுத்துக்களின் இருப்பிடத்தை நினைவில் கொள்ள வேண்டியிருக்கிறது. இந்தக் கஷ்டங்களை மறைப்பதில் லாபமில்லை.

பிற தேசத்தார் செய்தது

இதே பிரச்னை கீழ்த்திசை நாடுகளிலும் எழுந்தது. ஜப்பானியரின் பலகையில் அவர்களுடைய கானா எழுத்துக்கள் அச்சிடப்பட்டிருந்தும், அவர்களிற் பெரும்பாலோர் ஆங்கில எழுத்தின் ஒலியைக் கொண்டே ஜப்பானிய பாஷையைத் தட்டுகிறார்கள். சீனத்தின் பெருநிலத்தில் பின்யின் என்னும் ரோமன் ஒலிக்குறிப்பு முறையே மிகுதியாக வழங்குகிறது. கொரியரோ வேறு வழி சென்றனர். மெய்கள் இடப்பக்கமும் உயிர்கள் வலப்பக்கமும் நிற்கும் தங்கள் ஹங்குல் எழுத்தின் ஒழுங்கைத் தேசத்தின் பொதுப் பலகையாக்கினர். விசைகளின்மேல் ஆங்கில எழுத்தும் கொரிய எழுத்தும் சேர்ந்தே அச்சாகின்றன. ஒரு விசையைத் தட்டினால் ஒரு பாஷையிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொள்கிறார்கள்.

ஜப்பானிய பாஷை அழிந்துவிடவில்லை. அதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஜப்பானில் பள்ளிக்கூடமும் சர்க்காரும் வியாபாரமும் ஜப்பானிய பாஷையில் நடக்கின்றன. அங்கே ரோமன் எழுத்து பாஷைக்கு ஏவல் செய்யும் பணியாள். நம் நாட்டிலோ படிப்பும் உத்தியோகமும் ஆங்கிலத்தை நோக்கியே சாய்ந்திருக்கின்றன. இங்கே ரோமன் எழுத்தை வாயிலில் நிறுத்தினால், அது வாயில் காப்போனாக நில்லாமல் வீட்டுத் தலைவனாக அமர்ந்துவிடும். செல்பேசிகளில் தமிழை முழுவதும் ஆங்கில எழுத்திலேயே எழுதி அனுப்பும் வழக்கம் இளைஞரிடையே பெருகியிருப்பதை நேயர்கள் தினந்தோறும் காண்கின்றனர். வழி எங்கே போய் முடிகிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சியம் வேண்டுவதில்லை.

செய்ய வேண்டுவது யாது?

பல பாஷைகளையும் பழகிய ஒரே ஒழுங்கில் எழுத வேண்டும் என்ற ஆசை நியாயமானதே. அயல் பாஷையில் என்றாவது நாலு வரி எழுத நேர்ந்தால், ஆங்கில ஒலி வழியோ இன்ஸ்கிரிப்டோ எது கைக்கு வருகிறதோ, அதை உபயோகிக்கலாம். ஆற்றைக் கடக்க ஓடம் போதும். ஆனால் தினமும் நடமாடும் வீட்டுக்கு ஓடத்தில் போவார் எவருமில்லை. தமிழில் நித்தியம் எழுதுபவர்கள், அதாவது பத்திரிகையாளர், ஆசிரியர், சர்க்கார் உத்தியோகஸ்தர், மாணவர், பொது ஊழியர் ஆகியோர், தமிழுக்குரிய ஒழுங்கைக் கற்றே ஆக வேண்டும் என்பது நமது திடமான அபிப்பிராயம். ஆங்கிலத்துக்கு ஒரு பலகை, தாய்மொழிக்கு ஒரு பலகை என இரண்டும் விரலில் குடியிருக்கலாம். பழைய தட்டெழுத்தர்கள் அதை நமக்குச் செய்தே காட்டியிருக்கிறார்கள்.

'இப்பொழுது வாயால் சொன்னாலே யந்திரம் எழுதிவிடுகிறதே, விரலுக்கு ஏன் இத்தனை கவலை?' என்று சிலர் கேட்கலாம். வாஸ்தவம், அது பெரிய உதவிதான். எழுதவே அறியாதவருக்கு அது வரப்பிரசாதம். ஆயினும் அலுவலகத்தில் நாற்பது பேர் நடுவே அமர்ந்திருப்பவர் தம் கடிதத்தை உரக்கச் சொல்ல இயலாது. யந்திரம் தப்பாகக் கேட்டதைத் திருத்தவும் விரலே வேண்டும். யோசித்து, அடித்து, மாற்றி எழுதும் எழுத்துக்குப் பேச்சு ஈடாகாது.

யந்திரத்தின் பக்கத்தில் இனிக் குறையொன்றுமில்லை. எல்லா லிபிகளுக்கும் இடமளிக்கும் யூனிகோட் முறையில் 1991 முதல் தமிழ் இடம் பெற்றிருக்கிறது. அம்முறையைத் தமிழ்நாடு சர்க்கார் 2010-இல் ஏற்றுக்கொண்டனர். தமிழ் 99 ஒழுங்குக்கான மென்பொருளைக் கோட்டூர்புரத்தில் உள்ள தமிழ் இணையக் கல்விக்கழகம் விலையின்றி வழங்கிவருகிறது. செல்பேசிகளிலும் தமிழ் எழுத்துக்களையே நேரில் காட்டும் பலகைகள் உள்ளன. ஆங்கிலம் ஓரெழுத்தும் அறியாதவர் அவற்றில் எழுதலாம். குறை நம் பழக்கத்தில்தான் இருக்கிறது.

ஆகவே மூன்று காரியங்களை வற்புறுத்துகிறோம். முதலாவது, பள்ளிக்கூடத்தில் கணினியைத் தொடும் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆங்கிலப் பலகையுடன் தமிழ்ப் பலகையையும் முதல் வருஷத்திலேயே பயிற்ற வேண்டும். இளம் விரலுக்கு இரண்டும் ஒன்றே; பிந்தினால்தான் பாரமாகும். இரண்டாவது, சர்க்காரும் ஸ்தல ஸ்தாபனங்களும் தமக்கென வாங்கும் விசைப்பலகைகளில் ஆங்கில எழுத்துடன் தமிழ் எழுத்தும் அச்சிட்டிருக்க வேண்டுமென்று நிபந்தனை விதிக்க வேண்டும். அத்தனை பெரிய வாடிக்கைக்காரர் கேட்டால் வியாபாரிகள் செய்து தராமல் இருக்க மாட்டார்கள். மூன்றாவது, பொது வேலையில் ஈடுபட்டவர்கள் சர்க்காருக்காகக் காத்திராமல் தாங்களே தொடங்க வேண்டும். வாசக சாலை உள்ள ஒவ்வோர் ஊரிலும், ஒரு பழைய கணினியை வைத்துக்கொண்டு, மாலையில் அரைமணி நேரம் தமிழ்ப் பலகையைச் சொல்லிக்கொடுப்பது அரிய காரியமன்று. துண்டுப்பிரசுரம் எழுதுபவரும் தீர்மானம் எழுதுபவரும் முதலில் தாமே கற்றுக்கொண்டால், பிறருக்குச் சொல்லும் தகுதி தானே வரும்.

பாலவாக்கம் போன்ற ஊர்களில் நான்கு பாஷைகள் ஒரே தெருவில் வாழ்வது நமக்குப் பெருமையே. அங்கே தெலுங்கர் தெலுங்கையும், வடநாட்டார் ஹிந்தியையும், தமிழர் தமிழையும் அன்னியத் தரகின்றி எழுதும் நாள் வர வேண்டும். அதற்கு வேண்டிய கருவிகளை நம்மவரே ஆக்கி வைத்துவிட்டனர். விசைமேல் என்ன எழுத்து அச்சாகியிருந்தாலும், அதைத் தட்டும் விரல் நம்முடையது. அந்த விரலுக்குத் தமிழைக் கற்பிக்கும் பொறுப்பும் நம்முடையதே.